உவமை கூடிப்போச்சு என்கிறார்கள்: எதை வெட்டுவது, எதை வைப்பது?

கரிக்கோல் கேட்டது:

ஒரு சிறுகதையின் நடுவில் வரும் பத்தி இது:

"நகரத்தின் மீது இரவு கரும்போர்வை போல விழுந்தது. விளக்குகள் நட்சத்திரங்களைப் போல மின்னின. சாலைகள் பாம்புகளைப் போல நெளிந்தன. சன்னலோரம் உட்கார்ந்திருந்தவனின் மனம் கடல் போலக் கொந்தளித்தது. நினைவலைகள் அவன் நெஞ்சைத் துளைத்தன. அவனைப் போல அவள் அழவில்லை."

படித்தவர்கள் எல்லாரும் "உவமை அதிகம், குறைங்க" என்கிறார்கள். எதைக் குறைப்பது, ஏன் குறைப்பது என்று யாரும் சொல்வதில்லை. எண்ணிக்கைதான் பிரச்சினையா, இல்லை ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கோளாறு இருக்கிறதா? இன்னொன்று: "நினைவலைகள்" உவமைத்தொகையா, உருவகமா? இலக்கண நூல்களில் வரையறை கிடைக்கிறது. எழுதும்போது அதை வைத்து என்ன செய்வது என்பதுதான் பிடிபடவில்லை.

---

மெய்ப்புநோக்கி எழுதியது:

எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒவ்வொரு வரியாக எடுத்துக்கொள்வோம்.

தொல்காப்பியத்தின் உவமவியல் தொடக்கத்திலேயே ஒரு நூற்பா உண்டு: "வினைபயன் மெய்உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்." ஒரு பொருளை இன்னொன்றோடு ஒப்பிடுவது அது செய்யும் செயலாலா, அதனால் கிடைக்கும் பயனாலா, வடிவத்தாலா, நிறத்தாலா என்பதுதான் கேள்வி. பள்ளியில் இதற்கு நாலு எடுத்துக்காட்டு சொல்வார்கள்: புலிமறவன் (வினை), மழைக்கை (பயன்), துடியிடை (மெய்), பவளவாய் (உரு). தேர்வுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிற இந்த நாலும் திருத்தும் மேசையில்தான் உண்மையில் பயன்படுகின்றன. உங்கள் உவமையை நாலில் எதில் போடுவது என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும், வாக்கியத்தின் வினைச்சொல்லும் அதே வகைதானா என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பெரும்பாலான உவமைகள் நொண்டுகின்றன.

இரவு – போர்வை. இங்கே ஒப்புமை பயனில் இருக்கிறது: இரண்டும் மூடுகின்றன. நீங்கள் போட்ட வினையோ "விழுந்தது". போர்வை எப்போது விழும்? கட்டிலிலிருந்து நழுவும்போது. இரவு மெதுவாக வருவது, விழுவது சட்டென்று நடப்பது. "போர்த்தியது" என்று மாற்றினால் சரியாகும், ஆனால் அது ஏற்கெனவே தேய்ந்த உருவகம். "இருட்டிவிட்டது" என்றாலே போதும்.

விளக்கு – நட்சத்திரம். இரண்டுமே ஒளி. ஒரே இனத்துப் பொருளை ஒரே இனத்தோடு ஒப்பிட்டால் வாசகருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. உவமைக்குக் கொஞ்சம் தூரம் வேண்டும். உயரமான இடத்திலிருந்து பார்க்கும் காட்சி என்றால், சிதறிக் கிடக்கும் விதத்துக்காக (அதாவது மெய்) இந்த ஒப்புமை நிற்கும். அப்போதும் வினை "சிதறிக் கிடந்தன" என்றிருக்க வேண்டும், "மின்னின" அல்ல.

சாலை – பாம்பு, மனம் – கடல். இரண்டுக்கும் ஒரே நோய். "வளைந்து நெளிந்து செல்லும் சாலை" என்பது அன்றாட வழக்கு. "மனம் கொந்தளித்தது" என்பதும் அப்படியே. வினைச்சொல்லே பாம்பையும் கடலையும் எப்போதோ விழுங்கி ஜீரணித்துவிட்டது. நீங்கள் மறுபடியும் வெளியே எடுத்துக் காட்டுகிறீர்கள். சோதனை எளிது: "போல" வரைக்குமான பகுதியை விரலால் மறைத்துவிட்டுப் படியுங்கள். "சாலைகள் நெளிந்தன", "மனம் கொந்தளித்தது". ஒன்றும் குறையவில்லை அல்லவா? அப்படியென்றால் மறைத்ததை வெட்டலாம்.

இதே சோதனையைப் பிழைத்து நிற்கும் உவமைக்கு ஓர் எடுத்துக்காட்டு: "அவர் மௌனம், மழை நின்ற பிறகும் மடக்காத குடை போல நீண்டது." குடையை மறைத்தால் "அவர் மௌனம் நீண்டது" என்று மட்டும் மிஞ்சும். காரணம் தீர்ந்த பின்னும் தொடர்கிற மௌனம் என்ற செய்தி போய்விடும். அந்தச் செய்தியைச் சுமப்பது உவமை மட்டுமே. அதனால் அது இருக்கலாம்.

இதில் இன்னொன்றும் கவனியுங்கள். "அவர் மௌனம் குடை போல இருந்தது" என்று மொட்டையாக விட்டிருந்தால், எதில் குடை போல என்று வாசகர் முழிப்பார். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், பொதுத்தன்மையை வெளியே சொன்னால் விரியுவமை, மறைத்தால் தொகையுவமை என்று பிரிக்கும். நடைமுறையில், ஒப்புமை எல்லாரும் எதிர்பார்ப்பதாக இருந்தால் தொகுத்துவிடுங்கள். எதிர்பாராததாக இருந்தால் விரித்தே ஆக வேண்டும். "தாமரை முகம்" என்பதற்கு விளக்கம் வேண்டாம். மௌனத்துக்கும் குடைக்கும் வேண்டும்.

கடைசி இரண்டு வாக்கியங்களை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும். அவை உவமையின் பிழை மட்டுமல்ல.

---

ஒற்றுமிகும் எழுதியது:

நான் எடுத்துக்கொள்கிறேன்.

"நினைவலைகள்" உருவகம். இதைக் கண்டுபிடிக்க வரையறை தேவையில்லை, சொற்களின் வரிசை போதும். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம்: உவமை முன்னால், பொருள் பின்னால். உவமைத்தொகை. முகமலர் என்றால் முகமாகிய மலர்: பொருள் முன்னால், உவமை பின்னால். உருவகம். நடுவில் "போன்ற" பொருந்துகிறதா, "ஆகிய" பொருந்துகிறதா என்று போட்டுப் பாருங்கள். நினைவு ஆகிய அலைகள். ஆக, உருவகம்.

இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டீர்கள். தமிழ்த் தொகையில் பின்னால் வரும் சொல்தான் தலைச்சொல். வாக்கியத்தின் வினை அதோடுதான் ஒட்டும். மலர்முகம் சிவக்கலாம், வியர்க்கலாம், திரும்பலாம். முகம் செய்வதையெல்லாம் செய்யலாம். முகமலர் அப்படியல்ல. அது மலரும், வாடும், கூம்பும். "முகமலர் வியர்த்தது" என்று எழுதினால் காதுக்கு உறுத்தும், மலருக்கு வியர்க்காது. உங்கள் நினைவலைகளில் தலைச்சொல் அலை. அலை மோதும், புரளும், திரும்பும், ஓயும். துளைக்காது. துளைக்கத்தான் வேண்டும் என்றால் அம்பைக் கொண்டுவர வேண்டும்: "நினைவம்புகள் துளைத்தன". இலக்கணப்படி சுத்தம். படிக்கத்தான் சகிக்கவில்லை. உருவகத் தொகை வேண்டாம், "நினைத்தது உறுத்தியது" போதும் என்று மனம் சொல்லும் இடம் இது.

இந்தக் கோளாறு அதிகம் தெரிவது "என்னும்" போட்டு எழுதும் மேடை நடையில். "ஊழல் என்னும் புற்றுநோயை வேரோடு பிடுங்கி எறிவோம்." நோய்க்கு வேர் எங்கிருந்து வந்தது? எழுதியவர் "வேரோடு" என்பதை உருவகமாகவே நினைக்கவில்லை. "முழுக்க" என்பதற்கு இன்னொரு சொல்லாகத்தான் நினைத்திருக்கிறார். தேய்ந்த உருவகத்தின் ஆபத்தே இதுதான். தனியாக இருக்கும்வரை செத்துக் கிடக்கும். பக்கத்தில் உயிருள்ள ஒன்றை வைத்தால் எழுந்து உட்காரும். "இந்த அடித்தளம் மேலும் மலர வேண்டும்" என்ற வாக்கியத்தில் அடித்தளமும் செத்தது, மலர்வதும் செத்தது. சேர்த்து வைத்ததும் இரண்டும் விழித்துக்கொண்டு ஒன்றையொன்று முறைக்கின்றன. உருவகம் வரும் வாக்கியத்தை மனத்தில் படமாக வரைந்து பாருங்கள். வரைய முடியாவிட்டால் எங்கோ இரண்டு படங்கள் கலந்திருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை. பாதி உருவகம் எல்லாமே பிழையல்ல. குறள் 10-இல் "பிறவிப் பெருங்கடல் நீந்துவர்" என்று பிறவியைக் கடலாக்கியவர், இறைவன் அடியைத் தெப்பம் என்று சொல்லாமல் விட்டுவிட்டார். அது ஏகதேச உருவகம். ஒன்றை உருவகித்து, அதன் இணையை வாசகரிடம் விட்டுவிடுவது. அங்கே படம் ஒன்றுதான், அதில் ஒரு மூலை வரையாமல் இருக்கிறது. புற்றுநோய் – வேர் வாக்கியத்தில் படமே இரண்டு. வேறுபாடு அவ்வளவுதான்.

அடுத்து "அவனைப் போல அவள் அழவில்லை." இதை மூன்று விதமாகப் படிக்கலாம்:

அவனும் அழவில்லை, அவளும் அழவில்லை.
அவன் அழுதான், அவள் அழவில்லை.
இருவரும் அழுதார்கள், ஆனால் அவள் அழுத விதம் வேறு.

"போல" வரும் வாக்கியம் எதிர்மறையில் முடிந்தால் இந்தக் குழப்பம் வந்தே தீரும். எதிர்மறை வினையை மட்டும் மறுக்கிறதா, ஒப்புமையையும் சேர்த்து மறுக்கிறதா என்பது எழுத்தில் தெரியாது. பேச்சில் குரல் காட்டிக்கொடுக்கும், அதனால் எழுதியவருக்கு உறைப்பதில்லை. கட்டுரையில் இது இன்னும் மோசம்: "முந்தைய சட்டத்தைப் போல இது பயன் தரவில்லை" என்ற வாக்கியத்தை வைத்து இரண்டு தரப்பும் வாதாடலாம். வழி ஒன்றுதான்: எதிர்மறை வாக்கியத்தில் "போல" வேண்டாம். "அவன் அழுதான். அவள் அழவில்லை" என்று இரண்டாக உடையுங்கள்.

போல, போன்ற இரண்டையும் மாற்றிப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. "போல" வினையைத் தழுவும், "போன்ற" பெயரைத் தழுவும். "கல் போன்ற சொற்களை வீசினான்" என்றால் சொற்கள் கல் போன்றவை. "கல் போலச் சொற்களை வீசினான்" என்றால் வீசிய விதம் கல்லை வீசுவது போன்றது. இரண்டாவதில் கையும் விசையும் கண்ணில் தெரிகின்றன. ஒற்றும் இதோடு சேர்ந்தே வரும்: "போல" வினையெச்சம் மாதிரி நிற்பதால் பின்னால் வல்லினம் மிகும் (போலச் செய், போலப் பேசு), "போன்ற" பெயரெச்சம், மிகாது (போன்ற கண், போன்ற பேச்சு).

தொல்காப்பியம் அன்ன, ஏய்ப்ப, உறழ என்று 36 உவம உருபுகளைப் பட்டியலிடுகிறது. இன்றைய உரைநடையில் உயிரோடு இருப்பவை போல, போன்ற, ஒத்த, நிகரான, உரையாடலுக்கு மாதிரி, பிறகு "என", "ஆக". சிறுகதையில் "அன்ன" போட்டால் வாசகர் உவமையைப் பார்க்க மாட்டார், "அன்ன"வைத்தான் பார்ப்பார்.

---

ஈற்றடி எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் "குறை, வெட்டு" என்பதே சட்டமாகிவிடக் கூடாது. மாலை உவமை என்றே ஒரு வகை இருக்கிறது, ஒரே பொருளுக்கு உவமைகளைச் சரமாகக் கோப்பது. அங்கே ஐந்து உவமை வந்தாலும் வாசகரின் கண் ஒரே பொருளின்மேல்தான் நிற்கிறது. ஒவ்வொரு உவமையும் அதன் வேறொரு பக்கத்தைத் திருப்பிக் காட்டுகிறது. கரிக்கோல் செய்திருப்பது இதற்கு நேர்மாறு: நாலு பொருள், ஆளுக்கொரு உவமை. இரவைப் பார், விளக்கைப் பார், சாலையைப் பார், மனத்தைப் பார் என்று கண்ணை இழுத்தடிக்கிறது. நாலு உவமையையும் மனத்துக்கே கொடுத்திருந்தால் பத்தி பிழைத்திருக்கும்.

"அதிகம்" என்று படிப்பவர்களுக்குத் தோன்றுவதற்கு வேறு காரணமும் உண்டு. அதை உவமையின் தலையில் கட்டுவது நியாயமில்லை. வாக்கிய முடிவுகளை மட்டும் படித்துப் பாருங்கள்: விழுந்தது, மின்னின, நெளிந்தன, கொந்தளித்தது, துளைத்தன. எழுவாய், உவமை, "போல", வினைமுற்று. முதல் நாலு வாக்கியமும் ஒரே அச்சு. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், ஈற்றில் ஓசை ஒத்துப்போவது நாம் கேட்காமலே கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதைக் காது அணியாக எடுத்துக்கொள்வதில்லை, இரைச்சலாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே, உரைநடையில் அடுக்கு வேண்டுமென்றால் வாக்கியத்தின் முதலில் வையுங்கள். அங்கே ஒரு சொல் திரும்ப வந்தால் அது வேண்டுமென்றே செய்தது என்று தெரியும்:

"யாரும் கேட்கவில்லை. யாரும் நிற்கவில்லை. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை."

மூன்றாவதின் நீளத்தையும் "கூட"வையும் கவனியுங்கள். அடுக்கு ஏற வேண்டும். மூன்றும் ஒரே நீளத்தில் இருந்தால் பட்டியலாகிவிடும். "திரும்பிக்கூட" முதலில் வந்து "கேட்கவில்லை" கடைசியில் வந்தால் படி இறங்கிவிடும்.

ஈற்றை உடைப்பதற்கு நாலைந்து வழி உண்டு. அதிகம் பயன்படுத்தாத ஒன்று, வாக்கியத்தைப் பெயரில் முடிப்பது: "வாசலில் ஒற்றைச் செருப்பு." இன்னொன்று, ஒரு சொல்லை வினைமுற்றுக்குப் பின்னால் தள்ளுவது: "வந்தான், கடைசியாக." தமிழில் வினைக்குப் பின்னால் வரும் சொல்லுக்குத் தனி அழுத்தம் விழும். ஆனால் இதைப் பக்கத்துக்கு ஒருமுறைக்கு மேல் செய்தால் பாவனையாகிவிடும். இரண்டு செயல்களை எச்சத்தால் கோப்பது மூன்றாவது வழி. அதில் ஒரு முற்றே குறைந்துவிடும்.

வினாவும் ஈற்றை உடைக்கும், கவனமாக இருந்தால். பதில் வேண்டாத கேள்வியை எல்லாரும் வினா என்றே நினைக்கிறோம். நன்னூலாரின் விடை வகை எட்டில் "வினா எதிர் வினாதல்" ஒன்று. "இதைச் செய்வாயா?" என்றால் "செய்யேனோ?" என்பது. கேள்வி உருவத்தில் இருக்கிறது, வேலையோ விடையின் வேலை. கட்டுரையில் போடும் கேள்விக்கும் இதுதான் அளவுகோல். வாசகர் வேறு பதில் சொல்ல இடமிருந்தால் அது அணியாக நிற்காது. "இதனால் யாருக்கு லாபம்?" என்று கேட்டால் "ஏன், எனக்குத்தான்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகலாம். "இது தெரியாமலா கையெழுத்துப் போட்டார்கள்?" என்பதில் அந்தச் சந்து கிடையாது. "-ஆ"வை எச்சத்தோடு ஒட்டியதும் விடை உள்ளேயே பூட்டிக்கொண்டது.

---

கரிக்கோல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. திருத்திப் பார்த்தேன்:

"இருட்டிவிட்டது. விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். சொல்லாமல் விட்ட பதில் ஒன்று, செருப்புக்குள் சிக்கிய கல்லாக உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் அழுதான். அவள் அழவில்லை."

"கல்லாக" என்று போட்டிருக்கிறேன். இது உவமையா, உருவகமா? இன்னொரு கேள்வி: "போல"வே இல்லாமல் ஒப்பிட வேறு வழி இருக்கிறதா?

---

மெய்ப்புநோக்கி எழுதியது:

"ஆக" உருவகத்தின் பக்கம் சாயும். வேற்றுமையை மறைத்துப் பதிலையே கல்லாக்கிவிடுகிறது. "கல்லைப் போல" என்றிருந்தால் பதில் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம். "உறுத்தியது" என்ற வினை கல்லுக்கும் பொருந்துகிறது, பதிலுக்கும் பொருந்துகிறது. அது நல்ல தேர்வு, கை வைக்காதீர்கள்.

"போல" இல்லாமல் ஒப்பிட எடுத்துக்காட்டு உவமை இருக்கிறது. உவமையை ஒரு வாக்கியம், பொருளை ஒரு வாக்கியம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, இணைக்கும் உருபை விட்டுவிடுவது. "தொட்டனைத் தூறும் மணற்கேணி மாந்தர்க்குக் கற்றனைத் தூறும் அறிவு." தோண்டத் தோண்ட ஊறும் கேணி, கற்கக் கற்க ஊறும் அறிவு. நடுவில் "அதுபோல" கிடையாது. கட்டுரைக்கு இது மிகவும் தோதானது. ஆனால் இரண்டு வாக்கியமும் ஒரே கட்டமைப்பில் இருக்க வேண்டும். "தொட்டனைத்து – கற்றனைத்து", "ஊறும் – ஊறும்" என்ற ஒப்புதான் "போல" செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது. ஒன்றை நீட்டி, மற்றொன்றைச் சுருக்கி எழுதினால் வாசகருக்குத் தொடர்பே தெரியாது.

அதற்கும் ஒரு படி மேலே பிறிது மொழிதல். பொருளையே சொல்லாமல் உவமையை மட்டும் சொல்வது. "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்." மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். இதில் பகைவர் என்ற சொல்லே இல்லை. வலியறிதல் அதிகாரத்தில் நிற்பதால்தான் எளிய பகையும் பல சேர்ந்தால் வலியவனை முறிக்கும் என்ற பொருள் கிடைக்கிறது. தனியாக எடுத்து வைத்தால் அது வண்டியைப் பற்றிய எச்சரிக்கை. ஆகவே இந்த அணிக்குச் சூழல்தான் பாதி எழுத்து. முன்பத்தியில் பொருள் நிலைபெறும் முன்பே போட்டால் வாசகர் வண்டியிலேயே ஏறிப் போய்விடுவார்.

---

ஒற்றுமிகும் எழுதியது:

திருத்திய பத்தியில் ஒரே ஒரு சிக்கல். செருப்புக்குள் சிக்கிய கல் எப்போது உறுத்தும்? நடந்தால். உங்கள் ஆள் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். உட்கார்ந்திருப்பவனைக் கல் ஒன்றும் செய்யாது. செய்தால் குனிந்து எடுத்துப் போட்டுவிடுவான். ஒன்று அவனை எழுப்பி நடக்கவிடுங்கள், இல்லையென்றால் கல்லை மாற்றுங்கள். கண்ணில் விழுந்த தூசி உட்கார்ந்திருப்பவனையும் உறுத்தும், ஆனால் அது அழுகைக்கு வேறொரு காரணம் காட்டிவிடும். அடுத்த வாக்கியத்தில் அவன் அழுகிறான், நினைவிருக்கட்டும்.

---

கரிக்கோல் எழுதியது:

எழுப்பிவிட்டேன்.

"இருட்டிவிட்டது. விளக்குகள் எரியத் தொடங்கியும் அவன் வீடு திரும்பாமல் நடந்துகொண்டிருந்தான். சொல்லாமல் விட்ட பதில் ஒன்று, செருப்புக்குள் சிக்கிய கல்லாக அடிக்கு அடி உறுத்தியது. நின்று எடுத்துப் போட்டிருக்கலாம். நிற்கவில்லை."

அழுகையை எடுத்துவிட்டேன். அவள் அடுத்த பத்தியில் வருகிறாள்.